அத்தா வாய் திறக்காத என் நிக்காஹ்

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய மாமனார் சாயங்காலமானால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாராம். கதவைத் தாழ் போட்டால் அடிக்க வருகிறாராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்: “உங்க அத்தாவுக்கு இன்னா மாத்திரை குடுத்தீங்கக்கா? பேரு மட்டும் சொல்லுங்க. மெடிக்கல்ல வாங்கிக்கறோம்.”

பேரைச் சொல்லவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, டீ கொடுத்து, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மாத்திரையின் பேரை இதில் தேட வேண்டாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

அத்தா என்றால் எங்களில் அப்பா. என் அத்தாவுக்குச் செஞ்சி பஜாரில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணம் என்றால் தாலிக்குத் தட்டானிடம் போகிறவர்கள் மெத்தைக்கு எங்களிடம் வருவார்கள். தளவானூரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, மெத்தையை மேலே போட்டு, அதன்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போவார்கள். நான், ஜமீலா, ஒரே பெண். பத்தாவது முடித்ததும் வீட்டிலிருந்தே மெத்தை உறை தைத்தேன். ஊரில் பாதிப் பேர் நான் தைத்த உறையில்தான் படுத்துத் தூங்கினார்கள், நான் மட்டும் கல்யாணமாகாமல் இருந்தேன். இதைச் சொல்லி என்னை நானே கிண்டல் செய்துகொள்வது வழக்கம்.

அத்தாவுக்கு அறுபது தாண்டியபோது மறதி தொடங்கியது. ஒரே வீட்டுக்கு இரண்டு முறை மெத்தை அனுப்பினார். அளவை எழுதிக்கொண்ட சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடினார். நாங்கள் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். வயசானால் யாருக்குத்தான் மறக்கவில்லை என்று விட்டுவிட்டோம்.

பிறகு சாயங்காலங்கள் மாறின. மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் இறங்கும் நேரத்தில், அவருக்குக் கை கால் பரபரவென்று ஆகிவிடும். வீட்டுக்குள் நின்றுகொண்டே “வூட்டுக்குப் போவணும்” என்பார். “இதுதாங்க வூடு” என்று அம்மா சொன்னால் கோபம் வரும். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கமாக நடந்துபோய்க்கொண்டிருப்பார். தெரிந்தவர்கள் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டி, “யாரு அந்த ஆளு? நம்ம வூட்ல ஏன் உக்காந்துனு இருக்கான்?” என்று ஒருநாள் கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதினார். ஊதிவிட்டு, “டாக்டர்கிட்டயும் காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க” என்று அவரே சொன்னார். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அத்தாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். பதில் வரவில்லை. பஞ்சு மெத்தைக்கும் நார் மெத்தைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அத்தா விடாமல் பேசினார், டாக்டர் கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

இதற்கு டிமென்ஷியா என்று பேர் என்றார் டாக்டர். மூளை மெல்ல மெல்லச் சுருங்குகிறது, புதிதாக நடந்தது முதலில் அழியும், பழையது கடைசியில் அழியும், இது பைத்தியம் இல்லை, அவர் வேண்டுமென்று செய்வதும் இல்லை. இந்த நோயைத் திருப்பிப் போட மருந்து கிடையாது, படபடப்பைக் குறைக்க மட்டும் ஒன்று உண்டு. “அரை மாத்திரை, ராத்திரி மட்டும். கொஞ்ச நாள் குடுத்துப் பாத்துட்டுத் திரும்பக் கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும்” என்று அழுத்திச் சொன்னார்.

அரை மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அத்தா தூங்கினார், நாங்களும் தூங்கினோம். நன்றாக இருக்கும்போது எதற்கு பஸ் ஏறி விழுப்புரம் போவது என்று இருந்துவிட்டோம். அந்த டாக்டர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. திரும்பி வரச் சொன்னார், போகாதது நாங்கள்.

அந்தச் சமயத்தில்தான் வந்தவாசியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கரண்டு ஆபீஸில் வேலை. எனக்கு வயது இருபத்தைந்து நடந்தது. அதற்கு முன்னால் வந்த சம்பந்தங்கள் எல்லாம் அத்தாவைப் பற்றி பஜாரில் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போயிருந்தன. அதனால் இவர்களிடம் நோயின் பேரைச் சொல்ல வேண்டாம், வயசான மறதி என்று மட்டும் சொல்வோம் என்று சின்னத்தா முடிவு செய்தார். சின்னத்தா என்றால் அத்தாவின் தம்பி. நல்லவர்தான், ஆனால் எந்தக் காரியமும் நேற்றே முடிந்திருக்க வேண்டும் அவருக்கு.

பெண் பார்க்க அவர்கள் வந்தது சாயங்காலம். நான் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தாவை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் வந்தவர்களை மெத்தை வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். மாப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, தோளிலிருந்து கால்வரை முழத்தால் அளந்தார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து மிகவும் மரியாதையாக, “ஒருத்தர் படுக்கறதா, ரெண்டு பேர் படுக்கறதாம்மா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவர் அம்மா சிரிக்கவில்லை. சின்னத்தாவின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் சம்பந்தம் கூடிவந்தது.

எங்களில் நிக்காஹ் நடக்கும்போது பெண் சபைக்கு வரமாட்டாள். அவள் சார்பாகப் பேச ஒரு ஆண் வேண்டும், அவரை வலீ என்போம். அப்பா உயிரோடு இருந்தால் அவர்தான் வலீ. பெண்ணிடம் சம்மதம் கேட்டு வந்து, சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்” என்று சொல்வார். மாப்பிள்ளை “ஏற்றுக்கொண்டேன்” என்பார். அவ்வளவுதான் கல்யாணம். மற்றதெல்லாம் பிரியாணி. அந்த ஒரு வரிக்காக அத்தா நான் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. ஊரில் யார் வீட்டு நிக்காஹுக்குப் போய்வந்தாலும், பெண்ணின் அப்பா சரியாகச் சொன்னாரா, தொண்டை அடைத்துக்கொண்டதா என்பதைத்தான் வந்து சொல்வார். “நான் தெளிவா சொல்வேன் பாரு, மைக்கே வேணாம்” என்பார்.

எனக்கும் அது மட்டும்தான் வேண்டியிருந்தது. அத்தா அந்த வரியைச் சொல்ல வேண்டும்.

சின்னத்தாவுக்கும் அதே ஆசைதான். ஆனால் மெத்தை அளந்த சாயங்காலத்தை அவரால் மறக்க முடியவில்லை. “சபைல நூறு பேரு இருப்பாங்க அண்ணி. அங்க எழுந்து எவனையாவது அளந்தாருன்னா ஜமீலா வாழ்க்கை போச்சு. அந்த ஒரு வரிய நான் பக்கத்துல உக்காந்து சொல்ல வெச்சுக்கறேன். மிச்ச நேரம் சும்மா இருந்தா போதும்.”

“டாக்டர கேக்காம ஜாஸ்தி பண்றது சரியா தம்பி?” என்றார் அம்மா.

“விழுப்புரம் போய்வர எங்க நேரம் இருக்குது? பத்திரிகை குடுக்கவே நாள் பத்தல. அரை குடுத்தா ராத்திரி தூங்கறாரு. முழுசா குடுத்தா பகல்லயும் அடங்கி இருப்பாரு. கணக்கு சரியாதான இருக்குது?”

கணக்கு எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது. ராத்திரி முழு மாத்திரை ஆயிற்று. கொஞ்ச நாளில் காலையிலும் ஒன்று சேர்ந்தது. கல்யாணம் நெருங்க நெருங்க மத்தியானத்துக்கும் வந்தது. அம்மா பொடித்து, ரஸ்தாளிப் பழத்தில் பிசைந்து ஊட்டினார். நான் என் கல்யாண மெத்தைக்கு உறை தைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தா அடங்கினார். நடக்கும்போது கை வீசுவது நின்றது, காலைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. “நடை ஒரு மாதிரியா இருக்குதே சின்னத்தா” என்று ஒருமுறை சொன்னேன். “வயசான நடைம்மா அது” என்றார். கல்யாணத்துக்கு வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, குணமாயிட்டாரே, எவ்வளவு சாந்தமாயிட்டாரு என்று சொன்னார்கள். அதைக் கேட்டு எங்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நிக்காஹ் அன்று அத்தாவுக்குப் புதுச் சட்டை, புது லுங்கி, தலையில் தொப்பி. என்னிடம் சம்மதம் கேட்க அவரால் எழுந்து வர முடியவில்லை. சின்னத்தாதான் சாட்சிகளோடு வந்து கேட்டார். நான் தலையாட்டினேன். சபை வெளியே பந்தலில். நாங்கள் பெண்கள் உள்ளே. மைக் செட் வைத்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஹஜ்ரத் நிக்காஹுக்கான குத்பா உரையை ஓதி முடித்தார். பிறகு, “பாய், சொல்லுங்க” என்றார்.

ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. யாரோ இருமினார்கள். “அண்ணே, சொல்லுண்ணே, என் மகளை…” என்று சின்னத்தா எடுத்துக் கொடுத்தார். மைக்குக்குப் பக்கத்தில் அத்தா மூச்சு விடுவது கேட்டது. நாக்கு புரளும் சத்தம் கேட்டது. சொல்ல முயற்சி செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. மறுபடியும் “சொல்லுண்ணே”. மறுபடியும் அந்த மூச்சு. கடைசியில் சின்னத்தாவின் குரல்: “அண்ணனுக்கு முடியல ஹஜ்ரத். நான் சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டார். மார்க்கப்படி அதில் குற்றம் இல்லை, நிக்காஹ் கூடிவிட்டது. நான் அழுததைப் பார்த்து, புருஷன் வீட்டுக்குப் போகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பந்தியில் அத்தாவுக்குப் பிரியாணி ஊட்டியிருக்கிறார்கள். விழுங்க முடியாமல் புரையேறி, கண் மேலே சொருகி, முதுகில் தட்டித் தட்டி எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது, நெஞ்சில் கரகரவென்று சத்தம். வாடகைக்கார் பிடித்துப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுவீடு, விருந்து எல்லாம் அப்படியே நின்றது. மருதாணிக் கையோடு நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் அத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், முந்தின நாள்தான் என் புருஷனானவர்.

வார்டில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நடுத்தர வயது. நிதானமாகப் பேசுவார். சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகியிருக்கிறது, அதற்கு ஊசி போடுகிறோம், விழுங்கும் வரை மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி என்றார். பிறகு அத்தாவின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். துருப்பிடித்த கீல்போல விட்டு விட்டு மடங்கியது.

“இவருக்கு என்ன மாத்திரை கொடுத்துட்டு இருந்தீங்க? எவ்வளவு?”

“அரைதாங்க, ராத்திரி மட்டும்” என்றார் சின்னத்தா.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை நீட்டினார். “பொய் சொல்லாத தம்பி. காலைல, மத்தியானம், ராத்திரி, முழுசு முழுசா குடுத்தோம் டாக்டரம்மா. நான்தான் என் கையால குடுத்தேன்.”

டாக்டரம்மா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை, எங்களை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து விளக்கினார். மூளைக்குள் ஒரு ரசாயனம் ஓடுகிறது. இந்த மாத்திரை அதை மறிக்கும். மறித்தால் படபடப்பு, பயம், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் குறையும். ஆனால் கை கால் அசைய, முகம் சிரிக்க, நாக்கு புரள, தொண்டை விழுங்கவும் அதே ரசாயனம்தான் வேண்டும். அளவு கூடினால் இவை எல்லாம் இறுகிவிடும். வயதானவர்களுக்கு, அதிலும் இந்த மறதி நோய் உள்ளவர்களுக்கு, கொஞ்சம் கூடினாலே இறுகும். “நீங்க அமைதின்னு நினைச்சது அமைதி இல்லை. உள்ள அவர் பேசணும்னுதான் இருந்திருப்பார். வாய் ஒத்துழைக்கலை.”

சின்னத்தா எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“இந்த இறுக்கத்துக்கு மருந்து இல்லையா டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கும்மா. ஆனா அது ஞாபகத்தை இன்னும் குழப்பும். ஒரு மாத்திரை செஞ்சதைச் சரிபண்ண இன்னொரு மாத்திரை, அதைச் சரிபண்ண வேற ஒண்ணு, இப்படியே போயிடும். இதை நிறுத்திட்டுக் காத்திருப்போம். தானா இறங்கும். நாளாகும்.”

காத்திருந்தோம். அது ஆண்கள் வார்டு என்பதால் அம்மாவும் நானும் பெரும்பாலும் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தோம். உள்ளே இருந்து கவனித்துக்கொண்டது என் வீட்டுக்காரர். லீவு போட்டுவிட்டு, மாமனாருக்கு உடம்பு துடைத்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டு, குழாயில் கஞ்சி ஊற்றக் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி நாங்கள் இருவரும் தனியாகப் பேசிய முதல் பேச்சு, அன்றைக்கு மோஷன் போனாரா இல்லையா என்பதுதான். ஊசி மருந்துகளை வெளியே வாங்கிவர வேண்டியிருந்தபோது என் கல்யாண வளையல் ஒன்று அடகுக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். தைராய்டு குறைந்தாலும், சில வைட்டமின் குறைந்தாலும், பழைய நோய்க்கிருமி ரத்தத்தில் இருந்தாலும் மறதி வரலாமாம். அப்படி இருந்தால் முழுதாகக் குணமாக்கலாமாம். அத்தாவுக்குத் தைராய்டு கோளாறு இருக்க வேண்டும் என்று நான் துஆ கேட்டேன். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்தது. நார்மல் என்ற சொல்லைக் கேட்டு அழுத குடும்பம் அந்த வார்டில் எங்களுடையது மட்டும்தான் இருக்கும். தலைக்குள் படம் எடுக்கும் மிஷினுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும், எடுத்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை, அலைய வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

வந்தவாசியிலிருந்து என் மாமியார் வந்தார். மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று வராந்தாவில் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே கட்டிலுக்குப் போய் அத்தாவின் காதருகே குனிந்து, “ரெண்டு பேர் படுக்கற மெத்தை சொல்லியிருந்தேனே பாய், எப்ப குடுப்பீங்க?” என்றார். அத்தாவின் முகம் அசையவில்லை, கண் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. வெளியே வந்ததும் என்னிடம், “முன்னாடியே சொல்லியிருந்தா இன்னாம்மா? எங்க மாமியாருக்கும் இப்டிதான் இருந்துச்சு. நான் பாக்காததா?” என்றார்.

பாயில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

காய்ச்சல் விட்டது. குழாயை எடுத்தார்கள். இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. முதலில் விரல்கள். ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் வராந்தாவுக்கு ஓடிவந்து எங்களைக் கூப்பிட்டார். அத்தா ஒருக்களித்துப் படுத்து, வலது கையால் ஆஸ்பத்திரி மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய் நின்றதும் குழறலாக, ஆனால் புரியும்படி, “கட்டி தட்டிப்போயிருக்குது. இதுல எப்டி மனுசன் படுப்பான்?” என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகுதான் அவருடைய உண்மையான வைத்தியம் தொடங்கியது. அதில் மாத்திரையே இல்லை. எங்களைத்தான் நோண்டி நோண்டிக் கேட்டார். நாள் முழுக்க அவர் என்ன வேலை செய்வார், எந்த நேரத்தில் பரபரப்பு வருகிறது, அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடக்கிறது, காது கேட்கிறதா, மூக்குக்கண்ணாடி இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா. கோபம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அவரால் சொல்லத் தெரியாது, நாம்தான் தேட வேண்டும் என்றார். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடச் சொன்னார், நிழல்கள்தான் அவரைப் பயமுறுத்துகின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னார். “வீட்டுக்குப் போகணும்னு சொன்னா இதுதான் வீடுன்னு வாதாடாதீங்க. அந்த வீட்டைப் பத்திக் கேளுங்க. கூட ஒரு நடை நடந்து திரும்பிக் கூட்டிட்டு வாங்க. கைக்குப் பழகின வேலையைக் கொடுங்க. மாத்திரை எப்பவுமே தப்புன்னு சொல்லலை. தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்தற நிலைமை வந்தா நானே கொடுப்பேன். கொஞ்சமா, கொஞ்ச நாளைக்கு, நான் பாத்துட்டே இருந்து.”

கிளம்புகிற நேரத்தில், “எந்த நேரத்துல தெளிவா இருப்பார்?” என்று கேட்டார்.

“காலைலங்க” என்றார் அம்மா. “பஜ்ரு தொழுதுட்டு வர்றப்ப பழைய மாதிரியே பேசுவாரு.”

“அப்ப முக்கியமான காரியம் எதுவானாலும் காலையில வெச்சுக்குங்க. கூட்டம் இல்லாம, சத்தம் இல்லாம.”

அம்மா, சின்னத்தா, நான், மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசலில், ஹஜ்ரத்தும் சாட்சிகளும் மாப்பிள்ளையும் மட்டும் உட்கார்ந்திருந்தால் அத்தா அந்த வரியைச் சொல்லியிருப்பார். ஒரு மாத்திரையும் தேவைப்பட்டிருக்காது. அதற்குப் பிறகு பதினோரு மணிக்குப் பந்தல் போட்டு ஊரைக் கூட்டிப் பிரியாணி போட்டிருக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்? இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைவிடச் சுலபமான ஒரு காரியத்தை நான் தவறவிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் செஞ்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார், நாங்கள் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். அத்தா காலையில் இலவங்காய் உடைத்துப் பஞ்சிலிருந்து விதை பொறுக்குகிறார். பொறுக்கிய விதையைச் சில நாள் பஞ்சோடு சேர்த்தே கலந்துவிடுகிறார், அம்மா அப்புறமாக எடுத்துவிடுவார். சாயங்காலம் சின்னத்தா வந்து கோட்டைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போகிறார். ஒருநாளும் தவறுவதில்லை, மழை பெய்தால் குடையோடு வந்து நிற்கிறார். அவரிடம் நான் பழையதைப் பேசுவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நடுவில் சில நாள் பயங்கரமாக இருந்தது. அம்மாவைத் தள்ளிவிட்டார், சோற்றுத் தட்டை எறிந்தார். என் கை பழைய மாத்திரை டப்பாவைத் தேடியது உண்மை. பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். மூத்திரத்தில் கிருமி, அதனால் வந்த எரிச்சல், அதைச் சொல்லத் தெரியாத கோபம். அதற்கு மருந்து கொடுத்ததும் அடங்கிவிட்டார். நோய் மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சில நாள் அம்மாவை யாரோ என்று நினைத்து மரியாதையாக “நீங்க எந்த ஊரும்மா?” என்று கேட்கிறார். அம்மா தன் ஊர்ப் பேரைச் சொல்கிறார். “அந்த ஊர்லதான் நான் பொண்ணு எடுத்தேன்” என்கிறார் அத்தா.

என்னை இன்னும் தெரிகிறது. ஆனால் எனக்குக் கல்யாணம் ஆனது தெரியாது. அந்த நாட்களில் ஒன்றுகூட அவருக்குள் பதியவில்லை.

நேற்றுக் காலையில் அம்மா வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் அத்தாவோடு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர், என்ன வேலை, அப்பா அம்மா இருக்கிறார்களா என்று அத்தா விசாரித்துக்கொண்டிருப்பது கேட்டது. இவரும் புதிதாக வந்தவர்போலப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “பொண்ணு பாக்க வந்தியா தம்பி?” என்றார் அத்தா. “ஆமாங்க” என்றார் இவர். பிறகு அத்தா, “நல்ல புள்ளயாதான் இருக்கற. ஆனா அவள கேக்காம நான் சொல்ல முடியாது, இரு” என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். என் பக்கத்தில் நின்று, வெளியே இருப்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“ஜமீலா, ஒரு பையன் வந்திருக்கான். வந்தவாசி. கரண்டு ஆபீஸ்ல வேல. உனக்குச் சம்மதமா?”

“சம்மதம் அத்தா.”

“பயந்துனு சொல்லாத. பாத்துட்டு சொல்லு.”

“பாத்துட்டேன் அத்தா. சம்மதம்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. என் தலையில் கையை வைத்தார். வெளியே போகத் திரும்பியவர், எதையோ நினைத்துக்கொண்டு மறுபடியும் வந்தார்.

“நிக்காஹுக்கு நாள் வெச்சா எங்கிட்ட மறக்காம சொல்லணும். உங்க சின்னத்தா அவசரக்காரன், அவன் பாட்டுக்கு எழுந்து சொல்லிடுவான். நான் வர்ற வரைக்கும் எல்லாரையும் இருக்கச் சொல்லு.”

“இருக்கச் சொல்றேன் அத்தா” என்றேன்.